கையைத் தூக்கினாலே சட்டை வெளியே வந்துடுதா? 'ஷர்ட் ஸ்டே' வாங்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் பாஸ்!

காலை எட்டு மணி. அயர்ன் பண்ணின லைட் ப்ளூ சட்டை, கறுப்பு பேன்ட், பாலிஷ் போட்ட ஷூ. 'இன்' பண்ணிவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்றால், 'அட, நம்மளா இது!' என்று நமக்கே ஆச்சர்யம். ஒரு செல்ஃபி எடுத்து ஃபேமிலி குரூப்பில் போட்டாயிற்று. 'சூப்பர்டா தங்கம்' என்று அம்மாவின் பதிலும் வந்தாயிற்று.

எட்டரை மணி. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம். இறங்கி, இன்டர்வியூ நடக்கும் ஆபீஸின் பாத்ரூமுக்குள் போய்ப் பார்த்தால், சட்டை இடது பக்கம் பலூன் மாதிரி உப்பியிருக்கிறது. பின்னாடி பாதி வெளியே தொங்குகிறது. அவசர அவசரமாக உள்ளே திணித்து, பெல்ட்டை இன்னும் ஒரு ஓட்டை இறுக்கிக்கொண்டு உள்ளே போகிறீர்கள். 'போர்டுல எழுதிக் காட்டுங்க' என்கிறார்கள். மார்க்கரை எடுத்துக் கையைத் தூக்குகிறீர்கள். இடுப்பில் ஏதோ மெதுவாக நழுவுகிறது. அந்த நொடியிலிருந்து பாதி மூளை கேள்வியில் இல்லை, சட்டையில் இருக்கிறது.

இந்த அனுபவம் இல்லாதவர்கள் ரொம்பக் குறைவு. இதற்குப் பலரும் சொல்லிக்கொள்ளும் காரணமும் ஒன்றுதான். 'எனக்குத் தொப்பை பாஸ்', 'நான் ரொம்ப ஒல்லி, எனக்கு எதுவுமே நிக்காது'. ஆக, பழி உடம்பு மேலே!

உண்மையில் பெரும்பாலும் குற்றவாளி உங்கள் உடம்பு இல்லை. சட்டையின் வெட்டும் அளவும்தான். இது புரிந்துவிட்டால், காசு செலவில்லாமலே பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் 'ஷர்ட் ஸ்டே' என்கிற குட்டிக் கருவி. அதை யார் வாங்கலாம், எதை வாங்கலாம், எப்படிப் போட்டால் தொடை மரத்துப் போகாமல் இருக்கும்... எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

சட்டை ஏன் வெளியே வருது?

ஒரு சின்ன சோதனை. சட்டையை இன் பண்ணாமல், கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்குங்கள். சட்டையின் கீழ் விளிம்பு எவ்வளவு மேலே ஏறுகிறது என்று பாருங்கள். கையைத் தூக்கும்போது, கை இணையும் அக்குள் பகுதித் துணி மேலே இழுக்கப்படுகிறது. அது தன்னோடு சட்டையின் பக்கவாட்டு முழுவதையும் தூக்குகிறது.

அந்த ஆர்ம்ஹோல், அதாவது கை இணையும் வளையம், அக்குளுக்கு ரொம்பக் கீழே இறங்கியிருந்தால் சட்டை அதிகமாக ஏறும். அக்குளை ஒட்டி இருந்தால் கை மட்டும் தனியாக அசையும், உடல் பகுதி அவ்வளவாக அசையாது. 'லூஸா இருந்தா ஃப்ரீயா இருக்கும்' என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்குகிறவர்களின் சட்டைதான் சீக்கிரம் வெளியே வருவதன் ரகசியம் இதுதான்.

அடுத்தது நீளம். கீழ் விளிம்பு நேராக வெட்டப்பட்டிருக்கும் சட்டைகள் பெரும்பாலும் வெளியே விட்டுப் போடுவதற்காகத் தைக்கப்படுபவை. இன் பண்ணுவதற்கான சட்டையில் முன்னும் பின்னும் நீண்டு, பக்கவாட்டில் ஏறி, வால் மாதிரி வளைவு இருக்கும். வெளியே விட்டுப் போடும் சட்டையை வாங்கிவிட்டு, 'இன் பண்ணினா நிக்க மாட்டேங்குது' என்று வருத்தப்பட்டால், பாவம் சட்டை என்ன செய்யும்?

மூன்றாவது பேன்ட். இடுப்புக்கு ரொம்பக் கீழே நிற்கும் லோ வெயிஸ்ட் பேன்ட் போட்டால், உள்ளே தங்கும் துணியின் அளவு குறைந்துவிடும். உட்கார்ந்தாலோ குனிந்தாலோ, பின்பக்கம் முதலில் காலி. துணிக்கும் இதில் பங்கு உண்டு. வழவழப்பான சட்டை சுலபமாக வழுக்கும். காட்டன் கொஞ்சம் பிடித்து நிற்கும்.

இன்னொரு விஷயம்: பெல்ட்டின் வேலை பேன்ட்டைப் பிடிப்பது. சட்டையைப் பிடிப்பது அதன் வேலை இல்லை. எவ்வளவு இறுக்கினாலும் வயிறுதான் வலிக்கும், சட்டை தன் வழியில் வெளியே வந்துகொண்டேதான் இருக்கும்.

முன்னாடி எப்படி சமாளிச்சாங்க?

ஐரோப்பாவில் சில நூற்றாண்டுகளுக்கு முன்பு சட்டை என்பதே உள்ளாடைதான். தொடை வரைக்கும், சில சமயம் முழங்கால் வரைக்கும் நீளும். அந்த நீளமான வாலை இரண்டு கால்களுக்கு நடுவே சுருட்டி விட்டுக்கொண்டு, மேலே கால்சட்டையை மாட்டுவார்கள். வெளியே வர வாய்ப்பே இல்லை. பிறகு பேன்ட் வயிற்றுக்கு மேலே ஏறி, தோளில் சஸ்பெண்டர் மாட்டிய காலம். அப்போதும் சட்டை பத்திரம்தான். முதல் உலகப் போருக்குப் பிறகு பெல்ட் பழக்கம் பரவியது. காலப்போக்கில் பேன்ட்டின் இடுப்பும் இறங்கியது, சட்டையும் குட்டையானது. நம் தலைவலி அங்கேதான் ஆரம்பம்.

எலாஸ்டிக் வைத்த சாக்ஸ் வருவதற்கு முன்பு, சாக்ஸ் சரியாமல் இருக்க முழங்காலுக்குக் கீழே ஒரு பட்டை கட்டி, அதிலிருந்து கிளிப் போட்டு சாக்ஸைப் பிடித்து வைத்தார்கள். ஷர்ட் ஸ்டேயும் கிட்டத்தட்ட அதே குடும்பம்தான். அமெரிக்க மரைன் வீரர்கள், போலீஸார், அணிவகுப்பில் நடப்பவர்கள் என, யூனிஃபார்ம் கலையவே கூடாத வேலையில் இருப்பவர்கள் இதை ரொம்ப நாளாகப் பயன்படுத்துகிறார்கள்.

நம்ம ஊருக்கும் இந்தத் தத்துவம் புதிதில்லை. கோவணத்தைத் தாங்க அரைஞாண் கயிறு, வேட்டி நழுவாமல் இருக்க அகலமான பச்சை பெல்ட், புடவைக் கொசுவம் கலையாமல் இருக்க ஊக்கு. உடுத்தின துணி உடுத்தின இடத்தில் நிற்க வேண்டும் என்கிற கவலை எல்லோருக்கும் பொதுதான்!

முதல்ல, காசு செலவில்லாத வழிகள்

கருவி வாங்குவதற்கு முன்னால் இந்த மூன்றையும் முயற்சி பண்ணிப் பாருங்கள்.

முதலாவது, 'மிலிட்டரி டக்'. சட்டையைப் போட்டு, பேன்ட்டை மாட்டி, ஜிப்பைத் திறந்தே வைத்துக்கொள்ளுங்கள். சட்டையைச் சுற்றிலும் கீழ்நோக்கி நன்றாக இழுத்துவிடுங்கள். இப்போது இரண்டு பக்கவாட்டுத் தையல்களிலும் கூடுதலாக இருக்கும் துணியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடியுங்கள். அந்த மடிப்பை முதுகுப் பக்கமாகத் தட்டையாக மடியுங்கள். அப்படியே பிடித்துக்கொண்டு பேன்ட்டை மூடி, பெல்ட்டைப் போடுங்கள். முன்பக்கம் 'ஃபிட்' ஆகத் தெரியும், பலூன் காணாமல் போகும். முதல் இரண்டு நாள் தடுமாறும். மூன்றாவது நாள் கை தானாகச் செய்யும்.

இரண்டாவது, பனியன். காட்டன் பனியனை உள்ளாடைக்குள் விட்டு, சட்டையை உள்ளாடைக்கும் பேன்ட்டுக்கும் நடுவில் விடுங்கள். வெறும் தோலில் வியர்வையோடு சட்டை நழுவுவதைவிட, பனியன் மேல் உரசிக்கொண்டு கொஞ்சம் நிலையாக நிற்கும்.

மூன்றாவது, டெய்லர். இதற்குக் கொஞ்சம் காசு ஆகும்தான். ஆனால், புதுச் சட்டை விலையோடு ஒப்பிட்டால் சின்னத் தொகை. 'அண்ணா, சைடு பிடிச்சுக் கொடுங்க' என்று சொன்னால் போதும். முதுகில் இரண்டு டார்ட் பிடித்தால் பின்பக்க பலூன் போய்விடும். பேன்ட்டின் இடுப்புப் பட்டிக்கு உள்பக்கம் ரப்பர் வரி போட்ட கிரிப் டேப் வைத்துத் தைக்கவும் சொல்லலாம். அந்த ரப்பர் சட்டைத் துணியைப் பிடித்துக்கொள்ளும். தினமும் எதையும் மாட்டிக் கழற்ற வேண்டிய வேலையே இல்லை.

கொஞ்சம் பருமனாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வயிற்றில் பட்டன் இழுத்துப் பிடிக்கும் சட்டையை, எந்தக் கிளிப்பும் காப்பாற்றாது. வயிற்றுக்குச் சரியான சைஸை வாங்கி, தோள், கை, சைடு ஆகியவற்றை டெய்லரிடம் குறைத்துக்கொள்ளுங்கள். பேன்ட் வயிற்றுக்குக் கீழே இறங்குவதுதான் பிரச்னை என்றால், சஸ்பெண்டர் அருமையான தீர்வு. பேன்ட் இறங்காமல் நின்றாலே சட்டை பாதி நின்ற மாதிரிதான்.

சரி, ஷர்ட் ஸ்டேன்னா என்ன?

நாள் முழுக்க நிற்கும், குனியும், கை தூக்கும் வேலை என்றால், மேலே சொன்னவை போதாமல் போகலாம். ஹோட்டல் ரிசப்ஷன், ஷோரூம் சேல்ஸ், மெடிக்கல் ரெப், செக்யூரிட்டி, மேடை நிகழ்ச்சி, கல்யாண ரிசப்ஷனில் நான்கு மணி நேரம் நிற்கும் மாப்பிள்ளை... இவர்களுக்கெல்லாம் இது உதவும். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. முக்கியமாக மூன்று வகைகள்.

ஒன்று, சாக்ஸ் வகை. எலாஸ்டிக் பட்டையின் ஒரு முனை சட்டையின் விளிம்பில், மறுமுனை சாக்ஸில். நேர்ப்பட்டையாகவும் இருக்கும், மேலே இரண்டு கிளிப்போடு 'ஒய்' வடிவத்திலும் இருக்கும். சிலவற்றில் சாக்ஸுக்குப் பதிலாகப் பாதத்துக்கு அடியில் மாட்டும் வளையம் இருக்கும். சட்டை மேலே போகாது, சாக்ஸ் கீழே இறங்காது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்! ஆனால், சாக்ஸ் தளர்ந்திருந்தால் சட்டை ஜெயித்து, சாக்ஸைக் கணுக்கால் வரை உருவி எடுத்துவிடும் அபாயம் உண்டு. அதேபோல, கணுக்காலோடு நிற்கும் குட்டி சாக்ஸுக்கு இது சரிப்படாது.

இரண்டு, தொடை வகை. தொடையைச் சுற்றி ஓர் எலாஸ்டிக் வளையம், அதிலிருந்து மேல்நோக்கி இரண்டு மூன்று கிளிப்கள். ஷூ, சாக்ஸ் எது போட்டாலும் கவலையில்லை. பட்டையின் நீளம் குறைவு என்பதால் கால் முழுக்க எதுவும் ஓடாது. ஒட்டினாற்போன்ற பேன்ட் போட்டால் மட்டும், வளையத்தின் தடம் வெளியே தெரியும்.

மூன்று, பெல்ட் வகை. பேன்ட்டுக்கு உள்ளே, சட்டையின் வால் மேலேயே போடும் மெல்லிய எலாஸ்டிக் பெல்ட். உள்பக்கம் ரப்பர் அல்லது சிலிகான் வரி இருக்கும். பிடிமானம் முதல் இரண்டு அளவுக்கு இருக்காது. ஆனால், மாட்டக் கழற்ற சுலபம். ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு இதுவே போதும். முதல் முறை வாங்குபவர்கள் இதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

பெண்கள் ஃபார்மல் சட்டையோடு பேன்ட் போடும்போதும் இதே சிக்கல்தான். பெண்களுக்கான ரெடிமேட் சட்டைகள் பல குட்டையாகவே வருவதால், கிளிப் போட்டு இழுத்தால் பட்டனுக்கு நடுவே இடைவெளி விழும். அவர்களுக்குப் பெல்ட் வகை ஓகே. இல்லையென்றால், கவட்டைக்கு அடியில் பட்டன் வைத்து, மேலே சட்டை மாதிரியே இருக்கும் 'பாடிசூட்' வகைச் சட்டைகள் இருக்கின்றன.

போடுறது எப்படி?

சட்டை, சாக்ஸ், ஸ்டே, பேன்ட். இதுதான் வரிசை. பேன்ட்டைப் போட்டுவிட்டு ஸ்டேயைத் தேடினால் மறுபடியும் முதலிலிருந்துதான்.

கிளிப்பைச் சட்டையின் பட்டன் வரிசையில் போடாதீர்கள். இரண்டு பக்கவாட்டுத் தையல்களிலிருந்தும் கொஞ்சம் முன்னாலும் கொஞ்சம் பின்னாலும் போடுங்கள். நேராக நிற்கும்போது பட்டை லேசாக இழுத்தபடி இருந்தால் போதும். விறைப்பாக வேண்டாம்.

ஏனென்றால், உட்காரும்போது முன்பக்கம் சட்டைக்கும் தொடைக்கும் இருக்கும் தூரம் குறைகிறது, பின்பக்கம் கூடுகிறது. எலாஸ்டிக் நீளுவதற்கு இடம் இல்லையென்றால் பின்பக்க கிளிப் 'டப்' என்று கழன்று தொடையில் அடிக்கும். வலியைவிட, மீட்டிங் நடுவே 'ஆ' என்று கத்துவதுதான் பெரிய பிரச்னை. அதனால், வீட்டிலேயே ஒரு முறை உட்கார்ந்து, எழுந்து, குனிந்து, கையைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

யாரும் சொல்லாத ஒரு விஷயம்!

இந்தக் கருவிகளை விற்கும் வீடியோக்களில் பாத்ரூமைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. நம்ம ஊர் நிஜம் வேறு. இந்தியன் டாய்லெட்டில் உட்கார வேண்டும் என்றால், சாக்ஸ் வகையையும் தொடை வகையையும் கழற்றாமல் முடியாது. நாலைந்து கிளிப்களைக் கழற்றி, திரும்ப மாட்ட ஐந்து நிமிடமாவது ஆகும். அந்த நேரத்தில் தரையில் விழுந்து ஈரமானால் அவ்வளவுதான். இன்டர்வியூ நாளில் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சம்மணம் போட்டு உட்கார வேண்டிய விசேஷ வீடுகளுக்கும் இவை சரிவராது. அங்கெல்லாம் பெல்ட் வகைதான் நண்பன். உலோக கிளிப் இருந்தால், விமான நிலைய சோதனையில் 'பீப்' சத்தம் வந்து விளக்கம் சொல்ல வேண்டியிருக்கலாம் என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

இறுக்கினா என்ன ஆகும்?

இதுதான் முக்கியமான பகுதி. ஸ்க்ரோல் பண்ணாமல் படியுங்கள்.

தொடையின் வெளிப்பக்கத் தோலுக்கு உணர்ச்சி தரும் நரம்பு ஒன்று, இடுப்பெலும்பின் முன்பக்கம் வழியாகக் கவட்டைப் பகுதியைக் கடந்து கீழே இறங்குகிறது. இறுக்கமான பெல்ட்டோ பேன்ட்டோ அந்த இடத்தில் தொடர்ந்து அழுத்தினால், தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போகும், ஊசி குத்தும், எரியும். இதற்கு 'மெரால்ஜியா பேரஸ்தெடிகா' என்று பெயர். பேன்ட் பெல்ட்டுக்கு உள்ளே இன்னொரு எலாஸ்டிக் பெல்ட்டையும் போட்டு, இரண்டையும் கடைசி ஓட்டை வரை இறுக்கினால், அந்த நரம்பின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அறிகுறி தெரிந்தால் முதல் வேலை, இறுக்கத்தைக் குறைப்பது. அப்படியும் போகவில்லை என்றால் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

தொடை வளையத்துக்கும் இதே விதிதான். வளையத்துக்குள் இரண்டு விரல் சுலபமாக நுழைய வேண்டும். கழற்றிய பிறகும் ரொம்ப நேரம் ஆழமான தடம் இருந்தாலோ, கால் வீங்கினாலோ, அது உங்களுக்கு வேண்டாம். சர்க்கரை நோய், காலில் நரம்புச் சுருட்டல், ரத்த ஓட்டப் பிரச்னை இருப்பவர்கள், டாக்டரிடம் கேட்காமல் காலில் இறுக்கமாக எதையும் கட்ட வேண்டாம்.

அடுத்தது வியர்வை. நம்ம ஊர் வெயிலில், தொடை இடுக்கில் ஈரத்தோடு ஒரு பட்டை நாள் முழுக்க உரசினால், படர்தாமரைக்குப் பாய் விரித்துக் கொடுத்த மாதிரி. ஒரு நாள் போட்டதை மறுநாள் அப்படியே போடாதீர்கள். சோப்புத் தண்ணீரில் கையால் அலசி, நிழலில் காயப் போடுங்கள். அயர்ன் பாக்ஸ் பக்கமே கொண்டுபோக வேண்டாம். சூடு பட்டால் எலாஸ்டிக் செத்துவிடும். அரிப்பு ஆரம்பித்தால், கடையில் கேட்டு ஏதோ ஒரு க்ரீமைப் பூசிக்கொள்வதைவிட, தோல் டாக்டரிடம் காட்டுவது நல்லது.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

முதலில் கிளிப். பல் வைத்த உலோக கிளிப் மெல்லிய காட்டனைக் கடித்து ஓட்டை போட்டுவிடும். நல்ல சட்டை ஒன்றிரண்டுதான் இருக்கிறது என்பவர்களுக்கு அது பெரிய நஷ்டம். ரப்பர் பேட் வைத்து, பூட்டுவது மாதிரி மூடும் கிளிப்பாகப் பாருங்கள். அடுத்து, நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருக்க வேண்டும். 'ஃப்ரீ சைஸ்' என்று போட்டிருந்தாலும் உங்கள் தொடைச் சுற்றளவை டேப் வைத்து அளந்து, தயாரிப்பு விவரத்தோடு ஒப்பிடுங்கள். பட்டை அகலமாக இருந்தால் அழுத்தம் பரவும், கயிறு மாதிரி மெல்லியதாக இருந்தால் வெட்டும். ரிட்டர்ன் வசதி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். உடம்பில் ஒட்டிப் போடும் பொருள் என்று சொல்லித் திரும்ப வாங்க மறுக்கலாம்.

தினமும் போட வேண்டிய அவசியமும் இல்லை. சாதாரண ஆபீஸ் நாளுக்கு சரியான அளவு சட்டையும் மிலிட்டரி டக்கும் போதும். இன்டர்வியூ, பிரசன்டேஷன், மேடை என்கிற மாதிரி நாட்களுக்கு ஸ்டேயை எடுத்து வைத்துக்கொள்ளலாம். அதுவும், இன்டர்வியூ அன்றைக்கே முதல் தடவையாகப் போடாதீர்கள். இரண்டு நாள் முன்னாடியே வீட்டில் போட்டுப் பழகிவிடுங்கள்.

முதல் இன்டர்வியூவுக்குப் போகும் பலரிடம், அண்ணனின் சட்டையோ ரூம்மேட்டின் சட்டையோதான் இருக்கும். இன்னொருத்தர் அளவுக்குத் தைத்தது நம் இடுப்பில் நிற்காததில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பக்கவாட்டில் கிள்ளி, பின்னால் மடித்து, பெல்ட்டைப் போடுங்கள். தேவைப்பட்டால் உள்ளே ஒரு எலாஸ்டிக் பெல்ட். அவ்வளவுதான்.

போர்டில் எழுதக் கையைத் தூக்கும்போது சட்டை ஞாபகமே வரக் கூடாது. கேள்வி மட்டும்தான் மனசுல இருக்கணும். ஆல் தி பெஸ்ட் பாஸ்!